விதி ஒன்று பாதிக்கிறது: துறையா, சட்டமன்றக் குழுவா, நீதிமன்றமா?

அரசிதழில் ஒரு புது விதி வருகிறது. உரிமக் கட்டணம் கூடியிருக்கும், இல்லையென்றால் நேற்றுவரை கேட்காத ஒரு சான்றிதழை இன்றுமுதல் கேட்பார்கள். சங்கத்தின் செயற்குழு அவசரமாகக் கூடும். "உடனே ஸ்டே வாங்கலாம்" என்பார் ஒருவர். "எம்.எல்.ஏ.வைப் பார்ப்போம்" என்பார் இன்னொருவர். செயலாளருக்கு ஒரு மனு கொடுத்தால் போதும் என்பார் மூன்றாமவர். மூன்றுமே உண்மையான வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு குறைக்கு உரியது. வரைவு நிலையிலேயே ஆட்சேபிப்பது என்று நான்காவது வழியும் உண்டு. கூட்டம் கூடும் நேரத்தில் அதற்கான நாள் பெரும்பாலும் கடந்திருக்கும்.

ஒரே விதி இந்த வழிகளில் பயணித்ததற்கு நல்ல உதாரணம், இணைய இடைத்தரகர்களுக்கான (மற்றவர்களின் பதிவுகளைத் தாங்கும் தளங்கள் போன்றவை) 2011-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள். 2011 ஏப்ரல் 11 அன்று அறிவிக்கை வந்தது. 2012 மே மாதம் அவற்றை ரத்துசெய்யக் கோரி மாநிலங்களவையில் தீர்மானம் வந்தது, தோற்றது. 2013-ல் மக்களவையின் சார்நிலைச் சட்டக் குழு (துறைகள் செய்யும் விதிகளை ஆராயும் குழு) அறிக்கை கொடுத்து, விதிகளின் தெளிவின்மையை நீக்கச் சொன்னது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், விதி 3(4)-ஐச் செல்லாது என்று சொல்லாமல், அதன் பொருளைச் சுருக்கிப் படித்தது: நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான் பதிவை நீக்கும் கடமை எழும். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், மூன்று மேடைகள், மூன்று வகை முடிவுகள்.

## முதலில்: கையில் இருப்பது விதிதானா?

இதைப் பார்க்காமல் வழி தேர்ந்தெடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆவணத்தின் முதல் பத்தியைப் படியுங்கள். "இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு வழங்கும் அதிகாரத்தைக் கொண்டு" என்று தொடங்கி, அரசிதழில் வந்திருந்தால் அது சட்ட அதிகாரம் கொண்ட விதி. மத்திய விதிகள் இந்திய அரசிதழின் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு (i)-ல் ஜி.எஸ்.ஆர். எண்ணோடு வரும். தமிழ்நாட்டு விதிகளைத் தமிழ்நாடு அரசிதழின் பகுதி 3-ல், எஸ்.ஆர்.ஓ. எண்ணோடு தேட வேண்டும்.

வெறும் சுற்றறிக்கையோ நிர்வாக அரசாணையோ என்றால் கதை மாறுகிறது. அவற்றைச் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வைக்க வேண்டியதில்லை; விதிகளை ஆராயும் குழுவின் பார்வைக்கும் தானாக வராது. மறுபுறம், சட்ட அதிகாரம் கொண்ட விதியோடு மோதும் சுற்றறிக்கை நிற்காது என்பதால், நீதிமன்றத்தில் அதை வீழ்த்துவது எளிது. அரசியலமைப்பின் 309-ஆவது உறுப்பின் கீழ் வரும் பணி விதிகள் தனி ரகம். முன்வெளியீடு, அதாவது வரைவை முதலில் வெளியிட்டு ஆட்சேபணை கேட்பது, இவற்றுக்குக் கட்டாயம் இல்லை. மத்திய அரசு ஊழியர் என்றால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து தாய்ச்சட்டத்தை எடுத்து, விதி செய்யும் அதிகாரம் தரும் பிரிவைப் படியுங்கள். பெரும்பாலும் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அங்கே மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். எந்தெந்தப் பொருள் குறித்து விதி செய்யலாம்? முன்வெளியீடு கட்டாயமா? அவை முன் எந்த வகையில் வைக்க வேண்டும்? வழி தேர்வில் பாதி இந்த ஒரு பக்கத்திலேயே முடிந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

செலவும் காலமும் எல்லோரும் கேட்பவை. அவற்றோடு இன்னும் மூன்று அளவுகோல்கள் வேண்டும்.

முதலாவது, அந்த மேடை என்ன கேள்வி கேட்கும் என்பது. "இந்த விதி சட்டப்படி செல்லுமா" என்பது ஒரு கேள்வி. "இது புத்திசாலித்தனமானதா, நடைமுறைக்கு ஒத்துவருமா" என்பது முற்றிலும் வேறு கேள்வி. நீதிமன்றம் முதலாவதைத்தான் கேட்கும். விதியால் நஷ்டம் என்று மட்டும் சொல்லி அங்கே போனால், கொள்கை முடிவில் தலையிட முடியாது என்ற பதில்தான் வரும்.

இரண்டாவது, விதியின் அமலை நிறுத்திவைக்கும் பலம் அந்த மேடைக்கு உண்டா என்பது. மூன்றாவது, இந்தக் கதவைத் தட்டினால் வேறெந்தக் கதவு மூடும் என்பது. கடைசி அளவுகோலைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

| | வரைவு ஆட்சேபணை | துறைக்கு மனு | அவைக் குழு | உயர் நீதிமன்றம் |
|---|---|---|---|---|
| கேட்கும் கேள்வி | நடைமுறை, வாசகம் | நடைமுறை, விலக்கு | அதிகார எல்லை, வாசகம், தாமதம் | சட்டப்படி செல்லுமா |
| நிறுத்தும் பலம் | இல்லை | துறை விரும்பினால் | இல்லை. பரிந்துரை மட்டும் | உண்டு |
| காலம் | 30 முதல் 60 நாள் | வரையறை இல்லை | மாதங்கள், ஆண்டுகள் | தடை சில நாளில். தீர்ப்பு ஆண்டுகளில் |
| பணச் செலவு | மிகக் குறைவு | மிகக் குறைவு | குறைவு | அதிகம் |
| மறைமுகச் செலவு | தரவு திரட்டும் உழைப்பு | கடந்துபோகும் காலம் | அரசியல் சாயம் | தோற்றால் விதி வலுப்படும் |

## வரைவு நிலை ஆட்சேபணை

தாய்ச்சட்டம் முன்வெளியீட்டைக் கட்டாயமாக்கியிருந்தால் இந்த வழி உரிமையாகவே கிடைக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988 அப்படிப்பட்டது. பிரிவு 212-ஐப் பாருங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-ல் ஆட்சேபணைக்கு 60 நாள் தரப்பட்டிருக்கிறது. பொதுநலன் என்று காரணம் சொல்லி அதைத் தவிர்க்கும் அதிகாரமும் அங்கேயே இருக்கிறது. மத்தியச் சட்டங்களுக்கு, 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 23-ஆவது பிரிவு நடைமுறையைச் சொல்கிறது: வரைவை வெளியிட வேண்டும், எந்த நாளில் பரிசீலிக்கப்படும் என்று குறிப்பிட வேண்டும், அதற்குள் வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும்.

சட்டத்தில் அப்படி எழுதியிருக்காவிட்டாலும், 2014-ல் மத்திய அரசு ஏற்ற முன்கலந்தாலோசனைக் கொள்கை சார்நிலைச் சட்டங்களுக்கும் குறைந்தது 30 நாள் பொதுப்பார்வை வேண்டும் என்கிறது. ஆனால் அது கொள்கை மட்டுமே. மீறினார்கள் என்பதற்காக விதி விழுந்துவிடாது.

ஆட்சேபணை எழுதும் முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்ற ஒரே கடிதத்தை ஐந்நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்பினால், கோப்பில் அது ஒரு வரியாகத்தான் பதிவாகும். நான்கு பத்தி கொண்ட அட்டவணையாக அனுப்புங்கள்: வரைவு விதி எண், அதன் வாசகம், நடைமுறையில் வரும் சிக்கல் (எண்ணிக்கையோடு), பரிந்துரைக்கும் மாற்று வாசகம். கடைசிப் பத்தி இல்லாத ஆட்சேபணைக்கு மதிப்புக் குறைவு. பிரிவு அலுவலர் அப்படியே எடுத்துக் கோப்பில் வைக்கக்கூடிய வாசகத்தை நீங்களே தர வேண்டும். பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.

மொழியும் ஒரு தடை. 2020-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஆட்சேபணைக் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் மொழிபெயர்க்கவும் உத்தரவிட்டது. லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. வரைவு அந்த வடிவில் இறுதியாகவே இல்லை. இந்த நிலையின் உச்சபட்ச வெற்றி அப்படித்தான் இருக்கும்: தீர்ப்போ அறிவிப்போ எதுவும் வராது, விதி மட்டும் வராமல் போகும்.

இன்னொரு நுணுக்கம். முன்வெளியீட்டுக்குப் பிறகு செய்ததாகச் சொல்லி விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறைப்படிதான் செய்யப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று என்கிறது 23-ஆவது பிரிவு. "எங்கள் ஆட்சேபணையைப் படிக்கவே இல்லை" என்று பின்னால் வழக்காடுவது அதனால் கடினம். படித்தார்களா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்: பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. கோப்புக் குறிப்புகள், வந்த ஆட்சேபணைகளின் தொகுப்பு, ஒவ்வொன்றின் மீதும் துறை எடுத்த முடிவு ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

## துறைக்கு மனு

விதி செய்யும் அதிகாரத்தில் அதைத் திருத்தும், நீக்கும் அதிகாரமும் அடங்கும். ஆகவே துறை மனம் வைத்தால் இதுவே மிகக் குறுகிய பாதை. பாதிப்பு உங்கள் ஒருவருக்கோ சிறு பிரிவுக்கோ மட்டும் என்றால், விதியை எதிர்ப்பதைவிட விலக்கு கேட்பது மேல். பல விதித் தொகுப்புகளின் இறுதியில் தளர்வு அளிக்கும் அதிகாரம் என்று ஒரு விதி இருக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். எண் இல்லாத மனு மேசை மேசையாக அலையும்.

ஒரு எச்சரிக்கை. "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்று கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசுக்கு ஆணையிடக் கோரும் மனு) போடும் பழக்கம் நம்மூரில் பரவலாக இருக்கிறது. இத்தனை வாரங்களுக்குள் பரிசீலிக்க வேண்டும் என்று எளிதாக ஆணை கிடைக்கும். அந்தக் கெடு முடியும்போது, அதே விதியைக் காட்டி மனுவை நிராகரிக்கும் ஆணையும் வரும். விதியே குறை என்கிறபோது இது பணத்துக்கும் காலத்துக்கும் கேடு.

## அவையும் அதன் குழுவும்

இங்கேதான் அதிகமான தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சட்டமன்றமோ நாடாளுமன்றமோ விதி செய்யும் அதிகாரத்தைத் துறைக்குக் கொடுத்துவிட்டு, கண்காணிப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அந்தக் கண்காணிப்பு மூன்று வகை. விதியை அவையில் வைத்தால் மட்டும் போதும் என்பது ஒன்று. வைத்த பிறகு அவை மாற்றலாம், ரத்துசெய்யலாம் என்பது இரண்டாவது. இதுதான் வழக்கமான வகை. அவை ஒப்புதல் தந்தால்தான் விதி உயிர்பெறும் என்பது மூன்றாவது; அரிதானது, ஆனால் பலமானது.

மத்தியச் சட்டங்களின் வழக்கமான வாசகப்படி, விதி இரு அவைகள் முன்பும் மொத்தம் 30 நாள் இருக்க வேண்டும்; அது ஒரே கூட்டத்தொடரிலோ தொடர்ச்சியான கூட்டத்தொடர்களிலோ அமையலாம். அந்தக் கெடுவை அடுத்து வரும் கூட்டத்தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் ஒத்துக்கொண்டால்தான் திருத்தமோ ரத்தோ நடக்கும். தமிழ்நாட்டுச் சட்டங்கள் பலவற்றில் நாள் கணக்கு கிடையாது: வைக்கப்பட்ட கூட்டத்தொடரோ அதற்கு அடுத்ததோ முடிவதற்குள் பேரவை முடிவெடுக்க வேண்டும். மேலவை 1986-லேயே போய்விட்டதால் இங்கே ஒரே அவைதான்.

காகிதத்தில் இது பெரிய அதிகாரம். நடைமுறையில், விதியைச் செய்த அமைச்சரின் கட்சிக்குத்தான் அவையில் பெரும்பான்மை. 2012-ல் மாநிலங்களவைத் தீர்மானம் தோற்றதை மேலே பார்த்தோம். ஒருவேளை தீர்மானம் வென்றாலும், அதற்குமுன் விதியின் கீழ் நடந்தவை செல்லும் என்றே அந்த வாசகம் முடிகிறது. கட்டிய கட்டணம் இந்த வழியில் திரும்ப வராது. விதியை அவையில் வைக்கவே மறந்துவிட்டார்கள் என்பதும் பெரிய ஆயுதம் இல்லை. அட்லஸ் சைக்கிள் வழக்கில், அவையில் வைக்கும் கடமை வழிகாட்டும் தன்மையுடையதே, தவறியதால் மட்டும் ஆணை செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் குழு எதற்கு? வாக்கெடுப்பில் இல்லாத பலம் ஆய்வில் இருக்கிறது. மக்களவையின் சார்நிலைச் சட்டக் குழு 1953 முதல் இயங்குகிறது. 15 உறுப்பினர்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. மக்களவை நடைமுறை விதி 320, குழு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. தாய்ச்சட்டத்தின் நோக்கத்துக்கு ஒத்துவருகிறதா, சட்டத்திலேயே இருந்திருக்க வேண்டிய விஷயம் விதிக்குள் நுழைந்திருக்கிறதா, வரி விதிக்கிறதா, நீதிமன்ற அதிகாரத்தைத் தடுக்கிறதா, அதிகாரம் இல்லாமல் முன்தேதியிட்டு அமலாகிறதா, அதிகாரத்தை எதிர்பாராத விதத்தில் பயன்படுத்தியிருக்கிறதா, வெளியிடுவதில் நியாயமற்ற தாமதம் உண்டா, வாசகத்துக்கு விளக்கம் தேவையா.

இந்தக் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். "இந்த வாசகம் யாருக்கும் புரியவில்லை" என்று நீதிமன்றத்தில் சொன்னால் அது பெரும்பாலும் வாதமாகாது. குழுவில் அதுவே போதுமான காரணம். குழு துறை அதிகாரிகளை அழைத்துக் கேட்கும். பதில் எழுத்தில் பதிவாகும். நீங்கள் மனு கொடுத்தபோது கிடைக்காத விளக்கம் அப்போதுதான் வெளியே வரும்.

மனு எழுதும்போது விதி 320-ன் எந்தத் தலைப்பின் கீழ் உங்கள் குறை வருகிறது என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். மாநில விதி என்றால், சென்னை தலைமைச் செயலகத்தில் உள்ள பேரவைச் செயலாளருக்கு முகவரியிட்டு, விதிகளை ஆராயும் பேரவைக் குழுவின் கவனத்துக்கு என்று குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். அரசிதழ் நகல், தாய்ச்சட்டத்தின் பிரிவு, மூன்று பக்கத்துக்கு மேல் போகாத குறிப்பு ஆகியவை போதும். குழு உறுப்பினர்களில் எதிர்க்கட்சியினரை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் மனுவில் அரசியல் சாயம் ஒட்டிக்கொள்ளும். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரும் கேள்வி எழுப்பும்படி செய்வதில்தான் திறமை இருக்கிறது.

குறைகள் வெளிப்படையானவை. பரிந்துரை துறையைக் கட்டுப்படுத்தாது. மக்களவைக் குழுவின் ஆயுள் ஓராண்டு. பாதி ஆய்வில் ஆட்கள் மாறுவார்கள். அவை கலைந்தால் குழுவும் போய்விடும். காலக்கெடுவையும் துறைகள் நீட்டிக்கொண்டே போக முடியும். சட்டம் அமலான ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்க வேண்டும், முடியாவிட்டால் குழுக்களிடம் நீட்டிப்பு கேட்க வேண்டும் என்பது நடைமுறை. 2020 ஜனவரியில் அமலான குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு மறுபடி மறுபடி நீட்டிப்பு வாங்கி, 2024 மார்ச்சில்தான் விதிகள் வந்தன.

ஒரு மறைமுக ஆதாயமும் உண்டு. நாடாளுமன்றக் குழு அறிக்கைகளை நீதிமன்றத்தில் துணைக்குக் காட்டலாம் என்று 2018-ல் கல்பனா மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு அனுமதித்தது. அறிக்கையை எதிர்த்து வாதிடத்தான் முடியாது. துறையே குழு முன் ஒத்துக்கொண்ட ஒரு குறைபாடு, பின்னால் ரிட் மனுவில் நல்ல பக்கபலமாகும்.

## உயர் நீதிமன்றம்

வேகமும் பலமும் இங்கேதான். 2017 மே 23 அன்று கால்நடைச் சந்தை விதிகள் அரசிதழில் வந்தன. மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நான்கு வாரத் தடை கொடுத்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. ஏழே நாளில் ஒரு விதியை நிறுத்த வேறெந்த மேடையாலும் முடியாது.

ஆனால் இது விதிவிலக்கு. விதி செல்லும் என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். இடைக்காலத் தடை எளிதில் கிடைக்காது. எந்தக் காரணங்களில் விதியை எதிர்க்கலாம் என்பதை, தமிழ்நாட்டு மணல் குவாரி விதி 38-ஏ தொடர்பான பி. கிருஷ்ணமூர்த்தி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்னது: விதி செய்ய அதிகாரமே இல்லாமை, அடிப்படை உரிமை மீறல், அரசியலமைப்பின் பிற பகுதிகளை மீறுதல், தாய்ச்சட்டத்துக்கு ஒவ்வாமை அல்லது அதன் எல்லையைத் தாண்டுதல், நாட்டின் பிற சட்டங்களோடு முரண்படுதல், வெளிப்படையான தன்னிச்சைத்தன்மை. உங்கள் குறையை இவற்றில் ஒன்றுக்குள் ஒரே வாக்கியத்தில் அடக்க முடியவில்லை என்றால் வழக்கறிஞருக்குப் பணம் கட்டும் முன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசிக் காரணத்துக்கு நல்ல உதாரணம் 2016-ஆம் ஆண்டின் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வழக்கு. துண்டிக்கப்படும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ரூபாய், நாளுக்கு அதிகபட்சம் மூன்று என்று நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்ற ஒழுங்குமுறையை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றது. உச்ச நீதிமன்றம் தன்னிச்சையானது என்று ரத்துசெய்தது. ஒரே விதி, இரண்டு நீதிமன்றங்கள், எதிரெதிர் முடிவு. வெற்றி வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லும் வழக்கறிஞரை நம்ப வேண்டாம்.

மேடை மாறிப்போவதும் அடிக்கடி நடக்கும் விபத்து. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒழுங்குமுறை செல்லுமா என்பதை மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தீர்மானிக்க முடியாது. உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்பது பி.டி.சி. என்ற மின் வர்த்தக நிறுவனத்தின் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. தவறான மேடையில் இரண்டு ஆண்டு போனால், "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்" என்ற கேள்வியோடுதான் சரியான மேடை தொடங்கும். ரிட் மனுவுக்குக் காலவரம்பு எழுதப்படவில்லை என்றாலும் தாமதம் எதிராகவே பேசும்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். நீதிமன்றக் கட்டணம் சொற்பம். வழக்கறிஞர் கட்டணமும் வாய்தாக்களும்தான் செலவு. வழக்கு நடக்கும்போதே துறை விதியைச் சிறிதாகத் திருத்தினால், மனுவைத் திருத்தி மறுபடி தொடங்க வேண்டும். வென்றாலும் மேல்முறையீடு உண்டு. சட்டமன்றம் குறையை நீக்கி முன்தேதியிட்டுச் சட்டமும் கொண்டுவரலாம். தோற்றால், விதி செல்லும் என்ற தீர்ப்பு அந்தத் தொழிலில் உள்ள அத்தனை பேர் கழுத்திலும் விழும். சரியாகத் தயாரிக்காத ஒரு மனு மற்றவர்களின் நல்ல மனுவையும் கெடுத்துவிடும்.

## எதை எப்போது

வரைவுதான் வந்திருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்: நான்கு பத்தி அட்டவணை, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே. பிறகு எந்த வழிக்குப் போனாலும் அந்தக் காகிதம்தான் அடித்தளம்.

விதி வந்துவிட்டது, அது தாய்ச்சட்டம் தராத அதிகாரத்தில் நிற்கிறது, அமலானால் கடையையே மூட வேண்டும் என்றால் நேராக உயர் நீதிமன்றம். குழுவுக்குக் காத்திருந்தால் மூடிய கடைக்குத்தான் பரிந்துரை வரும்.

அதிகாரம் இருக்கிறது, ஆனால் வாசகம் குழப்பம், படிவங்கள் அபத்தம், கட்டணத்துக்கும் சேவைக்கும் பொருத்தமில்லை என்றால் துறை மனுவும் குழு மனுவும் ஒரே வாரத்தில் போகட்டும். துறை பதில் சொல்லாமல் இருந்த நாட்களின் கணக்கை அடுத்த நினைவூட்டலில் குழுவுக்குத் தெரிவியுங்கள்.

இரண்டும் கலந்த குறை என்றால்தான் வரிசை முக்கியம். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள பொருளை, மக்களின் மனுக்களைக் கேட்கும் அவையின் மனுக்கள் குழுக்கள் ஏற்பதில்லை. மற்ற குழுக்கள் கேட்டாலும் "வழக்கு நிலுவையில் உள்ளது" என்று சொல்லி அதிகாரிகள் நழுவிக்கொள்வார்கள். எனவே அமல் தேதிக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் முதலில் தகவல் உரிமை விண்ணப்பம், அதே நாளில் துறைக்கும் குழுவுக்கும் மனு. 30 நாளில் கோப்புக் குறிப்புகள் வந்ததும் ரிட் மனுவின் வரைவைத் தயார் செய்து வையுங்கள். அமலுக்கு நான்கு வாரம் இருக்கும்போதும் துறை அசையவில்லை என்றால் தாக்கல் செய்யலாம். அமல் தேதி அடுத்த வாரமே என்றால் இந்த வரிசைக்கு இடமில்லை. ரிட் மனுவோடு தடை மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டியதுதான், குழுவின் கதவு அதோடு மூடிக்கொள்ளும் என்று தெரிந்தே.